எல்லாரும் சரின்னுட்டாங்க

‘நான்’ என்று தொடங்கி அவர் ஒரு வாக்கியம் பேசி நான் கேட்டதில்லை. அவருக்குப் பசித்தால் “எல்லாருக்கும் பசிக்குது, சாப்பிட்டுப் பேசலாம்” என்பார். அவருக்குச் சீக்கிரம் கிளம்ப வேண்டுமென்றால் “எல்லாரும் வீட்டுக்குப் போக வேணாமா?” என்பார். சூலியா தெருவில் நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுகிற நாசி கண்டார் சோற்றுக் கடைக்குள் நுழைந்ததும், நாற்காலியை இழுக்கும் முன்பே கையைத் தூக்கி, “எல்லாருக்கும் தே ஓ ஐஸ், எல்லாருக்கும் கோழி” என்று சொல்லிவிடுவார். தே ஓ ஐஸ் என்றால் பால் இல்லாத ஐஸ் தேநீர். எனக்கு ஐஸ் ஆகாது, தொண்டை கட்டிக்கொள்ளும். அவரிடம் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். “அப்படியாமா, அடடா” என்று உண்மையிலேயே வருத்தப்படுவார். அடுத்த ஞாயிறும் எனக்கு ஐஸ் போட்டுத்தான் வரும்.

பேரைச் சொல்லப்போவதில்லை. பினாங்குத் தமிழர்களில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். அந்தப் பாதிப் பேரும் ஏதோ ஒரு நாளில் அவரால் நன்மை அடைந்தவர்கள். இதைப் படித்துவிட்டு அவர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். வரட்டும். நானும் அவரால் நன்மை அடைந்தவள்தான், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பெரிய இன்ஜினியர். பெரிய இன்ஜினியருக்குரிய பந்தா ஒன்றும் கிடையாது. அவருடைய காடியின், அதாவது காரின், பின்பக்கத்தைத் திறந்தால் மடக்கு நாற்காலிகளும் தண்ணீர் போத்தல் பெட்டிகளும் இருக்கும். எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் போய் இறங்குவது அந்தக் காடிதான். இந்து வீடா முஸ்லிம் வீடா என்று பார்க்க மாட்டார். நாற்காலியை விரித்துப் போட்டு, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து, அழுகிறவர்களின் தோளைத் தட்டிவிட்டு, கடைசியாக நாற்காலிகளை மடக்கிக்கொண்டு போகிறவரும் அவர்தான். இப்படிப்பட்ட ஒருவரைப் பற்றி வயிற்றெரிச்சலோடு எழுத வேண்டியிருக்கிறதே என்று எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

என் அப்பாவுக்கு இடது காலில் சர்க்கரைப் புண் வந்தபோது, விரலை எடுக்க வேண்டும், தள்ளிப்போட்டால் காலே போய்விடும் என்றார் டாக்டர். பெரியப்பா, இந்தியாவுக்குக் கொண்டுபோய் ஆயுர்வேதம் பார்க்கலாம் என்று ஒற்றைக்காலில் நின்றார். அத்தைக்கு அறுவை என்ற சொல்லே ஆகவில்லை. அம்மா, யார் பேசினாலும் அழுதார். நாங்கள் எல்லாரும் அண்ணன் என்று கூப்பிடுகிற இவர், செய்தி கேட்டு வேலையிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தார். என்னை வராந்தாவுக்கு அழைத்துப்போய், பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டே ஃபோனை எடுத்தார்.

“பெரியண்ணே, ஆபரேஷனுக்கு எல்லாரும் சரின்னுட்டாங்க. உங்க ஒருத்தர் வார்த்தைக்குத்தான் காத்துக்கிட்டு இருக்காங்க.”

அந்தப் பக்கம் பெரியப்பா கொஞ்சம் இருமிவிட்டு, எல்லாரும் சொன்னால் சரி என்றார். அடுத்து அத்தைக்குப் போட்டார். அதே வார்த்தை, அதே குழைவு. உண்மையில் அந்த நேரத்தில் ஒரு ஆளும் சரி சொல்லியிருக்கவில்லை. கூப்பிட்ட ஒவ்வொருவரும் தான் ஒருவர் மட்டும் குறுக்கே நிற்பதாக நினைத்து வழிவிட்டார்கள். அன்றைக்கு மாலையே அறுவை முடிந்தது. அப்பா இன்றைக்கும் டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டிலிருந்து பாசாருக்கு நடந்தே போய் மீன் வாங்கி வருகிறார். அந்த வராந்தாவில் எனக்குச் சிரிப்பும் வந்தது, அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

இந்த மனிதர்தான் எங்கள் லினக்ஸ் குழுவுக்கும் தலைவர். தேர்தல் கீர்தல் எல்லாம் கிடையாது. எல்லாரும் அவரையே இருக்கச் சொன்னதாக அவரே ஒருநாள் சொன்னார், நாங்களும் அப்படித்தான் போலிருக்கிறது என்று இருந்துவிட்டோம்.

நாங்கள் செய்தது இதுதான். வெளிநாட்டில் பெரிய குழுக்கள் கட்டி இலவசமாகத் தருகிற லினக்ஸை எடுத்து, தமிழ் விசைப்பலகை, எழுத்துருக்கள், தமிழில் பட்டியல்கள் எல்லாம் சேர்த்து, ஒரு பெண்டிரைவில் அடங்குகிற மாதிரி மறுபடி கட்டித் தருவோம். அந்தப் பெண்டிரைவைச் செருகிக் கம்ப்யூட்டரைப் போட்டால் போதும். உள்ளே இருக்கிற வட்டு கெட்டுப்போயிருந்தாலும் கவலையில்லை, பெண்டிரைவிலிருந்தே எல்லாம் ஓடும். அப்படிக் கட்டி முடித்த கோப்பை லைவ் இமேஜ் என்போம். குமரன் எழுத்துருக்களைப் பார்த்துக்கொண்டான். ரஹ்மான் அண்ணன் இணையப் பக்கத்தை நடத்தினார். இமேஜைக் கட்டுகிற கருவியை எழுதியவள் நான்.

கருவி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒன்றையொன்று கூப்பிடுகிற ஸ்கிரிப்டுகளின் கூட்டம், அவ்வளவுதான். கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்தில் ஒரு சரக்கு அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை எனக்கு. போகிறபோதும் வருகிறபோதும் ஃபெரியில் உட்கார்ந்து துண்டு துண்டாக எழுதியது. மெதுவாக ஓடும், நடுவே ஏதேதோ புலம்பும். ஆனால் அது கட்டித் தருகிற இமேஜ், புதுக் கம்ப்யூட்டரிலும் ஓடும், யாரோ தூக்கிப்போட்ட பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். எனக்கு அது பெருமைதான். அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

பழைய கம்ப்யூட்டர் என்று நான் சொல்வது சரோஜா அக்காவின் வகுப்பில் இருந்தவை. தொழிற்சாலையில் ஆள்குறைப்பில் வெளியே வந்தவர் சரோஜா அக்கா. வீட்டில் உட்கார முடியாமல், தானே கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு, டத்தோ கிராமாட்டில் ஒரு சங்க மண்டபத்தின் பின்னறையில் சனிக்கிழமைகளில் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஹோட்டலில் அறை கூட்டுகிறவர்கள், தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்கிறவர்கள், இப்படிப்பட்டவர்கள்தான் வந்தார்கள். தமிழில் தட்டச்சு, வேலைக்கு விண்ணப்பம் போடுவது, கிளினிக்கில் தேதி வாங்குவது, பிள்ளைகளைப் பள்ளியில் பதிவது. “இதுக்கெல்லாம் மகன்கிட்டதான் கெஞ்சிக்கிட்டு இருந்தேன். அவன் மூஞ்சியத் தூக்கிவச்சுக்குவான்” என்று ஒரு பெண் என்னிடம் சொன்னார். தன் பெயரைத் திரையில் தமிழில் பார்த்துவிட்டு, அழிக்க மனமில்லாமல் அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்தக் கம்ப்யூட்டர்களை வாங்கித் தந்தவரும் அண்ணன்தான். அவர் தொழிற்சாலையில் கழித்துக்கட்டியவற்றை மேலிடத்தில் பேசி, லாரி வைத்து, தன் தோளிலேயே சுமந்து இறக்கினார். சங்கத்துக்காரர்கள் அப்போதே ஒரு நிபந்தனை போட்டார்கள். வகுப்பு நடக்கிறவரைக்கும் அறை உங்களுடையது, கம்ப்யூட்டர்கள் சும்மா கிடந்தால் எடுத்துவிடுவோம், கல்யாணப் பாத்திரங்கள் வைக்க எங்களுக்கு இடமில்லை என்றார்கள். சரோஜா அக்காவுக்கு அந்த அறையை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது. இது எங்கள் எல்லாருக்கும் தெரியும், அண்ணனுக்கும் நன்றாகத் தெரியும்.

ஒருநாள் மதியம் அலுவலகத்தில் இருக்கும்போது ஃபோன் வந்தது.

“தங்கச்சி, சாப்பிட்டியா? ஒரு நல்ல செய்தி. இமேஜ் கட்டுறதுக்குப் புது டூலுக்கு மாறிடலாம்னு எல்லாரும் சொல்றாங்க.”

“எல்லாரும்னா யாருண்ணே?”

“எல்லாரும்தான்மா. ரஹ்மான் சரின்னுட்டாரு. குமரன் சரின்னுட்டான். சரோஜா அக்காவும் சரின்னுட்டாங்க. உன் ஒருத்தி வார்த்தைக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கோம்.”

ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்ட அதே குழைவு. எனக்குச் சுரீர் என்றது. பக்கத்தில் நிற்கவைத்து எனக்கு வித்தையைக் காட்டிவிட்டு, அதையே என் தலையில் கட்டப் பார்க்கிறாரே.

“அக்காவோட மெஷின்ல ஓட்டிப் பார்த்தீங்களாண்ணே?”

“லேப்டாப்ல பார்த்தோம்மா. அழகா ஓடுச்சு.”

பார்த்தோமாம். லேப்டாப்புக்குள்ளேயே மென்பொருளால் ஒரு கம்ப்யூட்டரை உண்டாக்கி, அதில் ஓட்டிப் பார்ப்பது ஒரு வழி. அவர் தனியாக உட்கார்ந்து அதைத்தான் செய்திருந்தார். அப்படி உண்டாகிற கம்ப்யூட்டர் புத்தம்புதிதாகத்தான் இருக்கும்.

புதுக் கருவி மோசம் என்று நான் சொல்லவில்லை. நல்ல கருவி. வெளிநாட்டில் பெரிய பெரிய குழுக்கள் அதற்கு மாறிக்கொண்டிருந்தன. என்னென்ன வேண்டும் என்று ஒரு கோப்பில் எழுதிவைத்தால் போதும், சத்தமில்லாமல் கட்டித் தந்துவிடும். என் ஸ்கிரிப்டுகளை எழுத ஆள் நான் ஒருத்தி. நாளைக்கு நான் பஸ்ஸில் அடிபட்டால் அதைத் தொட நாதியில்லை. இந்த நியாயம் எனக்கும் தெரியும். ஆனால் அது அறுபத்துநாலு பிட் கம்ப்யூட்டர்களுக்கு மட்டும்தான் கட்டும். சரோஜா அக்காவிடம் இருந்தவை அத்தனையும் அதற்கு முந்திய காலத்து முப்பத்திரண்டு பிட். போட்டால் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அக்காவுக்கு வேறு கம்ப்யூட்டர் கிடைக்கிறவரைக்கும் இரண்டு கருவியும் இருக்கட்டும்.

“நீ சொல்றது நியாயம்தான்மா. ஆனா ரெண்டு இமேஜ் வச்சா குழப்பம்னு எல்லாரும் நினைக்கிறாங்க. பார்த்துக்கலாம் லா.”

“நான் சரின்னு சொல்லலண்ணே. தெளிவாச் சொல்லிட்டேன்.”

“சரிம்மா, சரிம்மா” என்று வைத்துவிட்டார். மறுநாள் காலை ஃபெரியில் ஏறி உட்கார்ந்து ஃபோனைத் திறக்கிறேன், குழுவில் அறிவிப்பு கிடக்கிறது. ‘அனைவரின் ஒப்புதலோடும் புதிய கருவிக்கு மாறியுள்ளோம். இத்தனை காலம் உழைத்த தங்கைக்கு அனைவரின் சார்பிலும் நன்றி.’ கூடவே ஒரு பூங்கொத்துப் படம். என் ஸ்கிரிப்டுகளைச் சர்வரிலிருந்து எடுத்தாகிவிட்டது.

சனிக்கிழமை வகுப்புக்குப் போனேன். புது இமேஜைப் போட்ட பெண்டிரைவைச் செருகினால், கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி, இந்தக் கம்ப்யூட்டருக்கு அது ஆகாது என்று. ஒவ்வொரு மேசையிலும் அதே வரி. பெண்கள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ரோசாக் ஆயிருச்சாம்மா, கெட்டுப்போச்சா?” என்றார் சரோஜா அக்கா.

“மெஷின் நல்லாத்தான் இருக்குக்கா. இந்த இமேஜ்தான் இதுல ஓடாது.”

“பழைய பெண்டிரைவையே போட்டுக்கலாம்னா, அதுல இருக்கிற பிரவுசர் ரொம்பப் பழசு. விண்ணப்பம் போடுற பக்கம் ஒண்ணுகூடத் திறக்க மாட்டேங்குது. புதுசு வந்தா சரியாயிடும்னுதானே காத்துக்கிட்டு இருந்தோம்.” அக்கா குரலைத் தாழ்த்தினார். “நீயே சரின்னு சொன்னேன்னு அண்ணன் சொன்னாரேம்மா. நீ சொன்னா எல்லாம் யோசிச்சுத்தான் சொல்லியிருப்பேன்னு நானும் தலையாட்டிட்டேன்.”

அந்த அறையிலேயே ரஹ்மான் அண்ணனைக் கூப்பிட்டேன். நானும் குமரனும் அக்காவும் சரி சொன்னதாகத்தான் தனக்குத் தெரியும் என்றார். “அப்புறம் நான் மட்டும் எதுக்குத் தகராறு பண்ணணும்?” குமரனிடம் கேட்டால், ரஹ்மான் அண்ணன் முதல்லேயே ஒத்துக்கிட்டாராமே என்கிறான். யார்தான் முதலில் சரி சொன்னது என்று துருவிப் பார்த்தேன். அப்படி ஒருவர் கிடையவே கிடையாது.

அண்ணனுக்கும் ஃபோன் போட்டேன். “எந்த மெஷினும் ஓடலண்ணே. ஒண்ணுகூட ஓடல. வகுப்பு நின்னுடும்” என்று பச்சையாகச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் உட்கார்ந்து பேசலாம் என்றார். சரி, ஒரு கை பார்த்துவிடலாம் என்று நான் மூன்று பேரிடமும் முன்கூட்டியே பேசினேன். இந்த முறை மென்று முழுங்காமல் சொல்லிவிட வேண்டும் என்றேன். சொல்லிவிடுவோம் என்றார் ரஹ்மான் அண்ணன். சரோஜா அக்காவும் சொல்கிறேன் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் ஒரு சாவு வீட்டிலிருந்து நேராகக் கடைக்கு வந்தார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது, கண் சிவந்திருந்தது. சின்னப் பிள்ளையின் சாவு என்றார். உட்கார்ந்து எல்லாருக்கும் தே ஓ ஐஸ், எல்லாருக்கும் கோழி சொன்னார். தட்டுகள் வந்தன. நான்தான் ஆரம்பித்தேன்.

“அண்ணே, நேராவே கேக்குறேன். எல்லாரும் சரின்னாங்கன்னு என்கிட்ட சொன்னீங்க. இவங்க எல்லாரும் இங்கதான் இருக்காங்க. ஒவ்வொருத்தரா கேட்டுடலாம்.”

அவர் கோபப்படவில்லை. “கேளும்மா” என்றார்.

ரஹ்மான் அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டே, “எனக்கு ஒண்ணும் பிரச்சனை இல்ல லா” என்றார். குமரன், இப்போது எல்லா இடத்திலும் புதுக் கருவிதான் என்று என்னமோ முனகினான். நான் சரோஜா அக்காவின் பக்கம் திரும்பினேன்.

“அக்கா, நீங்க சொல்லுங்க. புது இமேஜ் உங்க மெஷின்ல ஓடுதா?”

அக்கா முந்தானையால் வாயைத் துடைத்தார். அண்ணனைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

“ஓடுதும்மா. கொஞ்சம் மெதுவா ஓடுது.”

ஓடாத கம்ப்யூட்டரை ஓடுகிறது என்கிறார், அதுவும் யார், அதனால் வகுப்பை இழக்கப்போகிறவரே. அண்ணன் ஜெயித்துவிட்ட மாதிரி சிரித்திருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். கரண்டியால் ஒரு கோழித் துண்டை எடுத்து என் தட்டில் வைத்து, “சாப்பிடும்மா, ஆறிப்போயிடும்” என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

அக்கா என் பின்னாலேயே வந்து, நான் காடியை நிறுத்தியிருந்த இடத்தில் என்னைப் பிடித்தார்.

“திட்டாதேம்மா. சாவு வீட்டுலேர்ந்து வந்து உக்காந்திருக்காரு. அந்த மெஷினையெல்லாம் தோள்ல தூக்கிட்டு வந்து இறக்குன மனுஷன். எல்லார் முன்னாடியும் அவரை எப்படிம்மா கீழ இறக்குறது?”

“உங்க வகுப்பு போயிடுமேக்கா.”

நான் கைப்பையிலிருந்து ஒரு பெண்டிரைவை எடுத்து நீட்டினேன். என் பழைய ஸ்கிரிப்டுகளை வைத்து, புது பிரவுசரைச் சேர்த்து, வீட்டிலேயே கட்டிய இமேஜ். அக்காவின் மெஷின் போன்ற ஒன்றைத் தேடிப்பிடித்து ஓட்டியும் பார்த்திருந்தேன்.

“இதைப் போடுங்க. சத்தியமா ஓடும்.”

அக்கா கையை நீட்டவில்லை. “எப்படிம்மா போடுவேன்? இப்பதானே எல்லார் முன்னாடியும் புதுசு ஓடுதுன்னு சொல்லிட்டு வந்தேன். அவர் ஒருநாள் வந்து, பழசு ஓடுறதைப் பார்த்தா என் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வச்சுக்குவேன்?”

நான் கெஞ்சினேன். காடிக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, வெயிலில் நின்று கெஞ்சினேன். வேணாம்மா என்று என் கன்னத்தைத் தொட்டுவிட்டு, பஸ் நிற்கிற பக்கம் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நான் குழுவில் இல்லை. வகுப்பில் என்ன நடந்தது என்பதை அப்பா பாசாரில் கேட்டு வந்து சொல்வார். சில சனிக்கிழமைகள் அக்கா காகிதத்தில் விசைப்பலகையை வரைந்து சொல்லிக்கொடுத்தாராம். காகிதத்தில் தட்டிப் பழக யார் வருவார்கள்? ஆள் குறைந்தது. ஒரு கட்டத்தில் சங்கத்துக்காரர்கள் அறையைக் கேட்டார்கள், அக்கா சாவியைக் கொடுத்துவிட்டார். கம்ப்யூட்டர்களைப் பழைய இரும்பு லாரிக்காரர் வந்து அள்ளிக்கொண்டு போனார். மகனிடம் கெஞ்சிய அந்தப் பெண், இப்போது மறுபடி மகனிடம்தான் கெஞ்சிக்கொண்டிருப்பார். சரோஜா அக்கா என்னைத் தெருவில் பார்த்தால் நின்று பேசுவார், அப்பாவின் காலை விசாரிப்பார். அந்த அறையைப் பற்றி மட்டும் பேச மாட்டார்.

லாரி வந்துபோன அன்றைக்கு மாலை அண்ணன் எனக்கு ஃபோன் செய்தார். எடுக்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன். அப்பாவுக்காக எடுத்தேன்.

அழுதுகொண்டிருந்தார். நடிப்பில்லை. அத்தனை சாவு வீடுகளில் அவரைப் பார்த்திருக்கிறேன், அவருடைய அழுகை எனக்குத் தெரியும்.

“இப்பதான் கேள்விப்பட்டேன்மா. ஓடவே இல்லையாமே. அவ்வளவு நாளும் அந்தப் பொம்பளைங்க சும்மா வந்துட்டுப் போயிருக்காங்க. எங்கிட்ட ஒருத்தர்கூடச் சொல்லலியேம்மா.”

“நான் சொன்னேண்ணே” என்றேன். “ஃபோன்லயும் சொன்னேன். கடையிலயும் சொன்னேன்.”

மூக்கை உறிஞ்சிக்கொண்டார். பிறகு ரொம்ப மெதுவாக, எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி சொன்னார்.

“நீ சொன்னம்மா. இல்லேங்கல. ஆனா நீ ஒருத்திதானே சொன்னே.”